ப்ரஹ்ம முஹூர்த்தமும் பிரேசர் டவுனும்

நம் சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை. நம் நாளில் எல்லோரும் நாலரைக்கே எழுந்து விடுவோம்." சென்னையானாலும் மும்பையானாலும் டில்லியானாலும், நம்மவர் வீடுகளில் இந்த வசனம் கேட்காத வீடு அபூர்வம். பல வீடுகளில் இது பேச்சோடு நிற்பதில்லை. மாமனார் மருமகளிடமும், தகப்பனார் பிள்ளையிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் அளவுக்கு இது வளர்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நாம் சீக்கிரம் எழுந்தோம் என்பது உண்மைதான். எப்படி எழுந்தோம் என்பதுதான் என் கேள்வி. அன்றைக்கு எல்லோரும் அப்படி ஒருமுகமாக வைராக்யசாலிகளாகவா இருந்தார்கள்? பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளைப் பார்த்தவன் நான். ஒரு பழக்கத்தைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால், அதன் பூர்வோத்தரத்தைத் தேடுவது என் சுபாவமாகிவிட்டது. நான் சிறுவயது முதல் வசித்து வரும் பெங்களூர் பிரேசர் டவுனை முன்வைத்தே இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு முஹூர்த்தம் என்பது 2 நாழிகை, அதாவது 48 நிமிஷம். சூரிய உதயத்துக்கு 4 நாழிகை முன்பு தொடங்கி 2 நாழிகை முன்பு முடிவது ப்ரஹ்ம முஹூர்த்தம் என்பது பொதுவான கணக்கு. உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் எழ வேண்டும் என்று ஆகிறது. இதில் "நாலரை மணி" என்ற பேச்சே கிடையாது என்பதைக் கவனிக்கவும். சூரியன் நகர்ந்தால் முஹூர்த்தமும் நகரும். பெங்களூரில் ஜூன் முதல் வாரத்தில் உதயம் சுமார் 5-53; ஜனவரி கடைசியில் சுமார் 6-46. ஆகவே எழ வேண்டிய நேரம் ஜூனில் 4-17, ஜனவரியில் 5-10. கல்கத்தா அன்பர்களுக்கு ஜூனில் சூரியன் 4-51க்கே வந்துவிடுவதால், அவர்கள் 3-15க்கு எழுந்தாக வேண்டும். மும்பை அன்பர்களுக்கு ஜனவரி நடுவில் உதயம் 7-14. அவர்கள் 5-38 வரை நிம்மதியாகத் தூங்கலாம். இத்தனை பேரையும் ஒரே கடிகார மணியால் அளந்து "இவன் சோம்பேறி, அவன் சுறுசுறுப்பு" என்று தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானத்துக்கும் ஒவ்வாது, சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது.

இந்த ஒரே கடிகார மணி என்பதே நம் தேசத்துக்குப் புதிது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தின் நேரத்தை வைத்தே ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. சென்னையில் கடிகாரத்தைச் சுமார் 9 நிமிஷம் முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பெங்களூரின் தீர்க்கரேகைப்படி பார்த்தால் நாம் இந்திய நேரத்துக்குச் சுமார் 20 நிமிஷம் பின்தங்கியவர்கள். யுத்த காலத்தில் இன்னும் வேடிக்கை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டது. அப்போது ஐந்து மணிக்கு எழுந்தவர், சூரியக் கணக்கில் நாலு மணிக்கு எழுந்தவர். "யுத்தத்தின்போது எங்களுக்குத் தூக்கமே போதாது" என்று என் தகப்பனார் சொல்வார். ஏதோ விமான பயத்தில் சொல்கிறார் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது? காலை ஸந்த்யாவந்தனத்தை நக்ஷத்திரங்கள் தெரியும்போதே தொடங்குவது உத்தமம், அவை மறைந்த பின் மத்யமம், சூரியன் வந்த பின் அதமம் என்பது நம்மில் பலரும் அறிந்ததே. இங்கும் அளவுகோல் ஆகாயம்தான், கடிகாரம் அல்ல. வைத்ய சாஸ்திரத்தில் வாக்படர் ப்ரஹ்ம முஹூர்த்தத்தில் எழச் சொல்கிறார் என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அஷ்டாங்க ஸங்க்ரஹத்தில் அதை ஒட்டியே அவர் போடும் நிபந்தனையை மட்டும் விட்டுவிடுவார்கள். முதல் நாள் இரவு சாப்பிட்டது ஜீரணமாயிற்றா இல்லையா என்று பார்த்துக்கொண்டு எழ வேண்டும் என்கிறார் அவர். இரவு பத்தரை மணிக்கு ரவாதோசை சாப்பிட்டவருக்கு விடியற்காலை எழும் விதி எப்படிப் பொருந்தும்?

சரி, ஆகாயம் சொல்லும் நேரத்தில் மனிதன் எப்படி எழுந்தான்? இதற்குத் தமிழில் கிடைக்கும் மிக அழகான சாட்சி திருப்பாவை. முப்பது பாசுரங்களில், ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்களின் வேலையே தூங்குகிறவர்களை எழுப்புவதுதான். பறவைச் சத்தம், தயிர் கடையும் ஓசை, எருமைகள் மேயப் போவது, வாசலில் வந்து நிற்கும் தோழிகளின் குரல் என்று ஆண்டாள் அடுக்குகிறாள். வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததையும் சொல்கிறாள். இதை வைத்துத்தான் மு. இராகவையங்கார் பாசுரம் பிறந்த காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். (வெள்ளியும் வியாழனும் அப்படி அமைவது சில வருஷங்களுக்கு ஒருமுறை வரக்கூடியதுதான். ஆகவே பௌதிகம் படித்தவன் என்ற முறையில் இதை முடிந்த தீர்ப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. அது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம்.) நான் சொல்ல வருவது, ஆயர்பாடியில் கூட எல்லாப் பெண்களும் தானாக எழுந்துவிடவில்லை. முதலில் எழுந்தவர்கள் வீடு வீடாகப் போய் மற்றவர்களை எழுப்பினார்கள். வேங்கடேச ஸுப்ரபாதத்தைப் பாருங்கள். அதன் முதல் சுலோகம் வால்மீகி ராமாயணத்திலிருந்து எடுத்தது. விச்வாமித்திரர் ராமனை எழுப்பும் இடம். ஸாக்ஷாத் ராமனையே ஒருவர் எழுப்பத்தான் வேண்டியிருந்தது!

மேல்நாட்டிலும் இதுதான் கதை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-ல் பாரிஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பாரிஸ்வாசிகள் சூரியனோடு எழுந்தால் ஆறு மாதத்தில் எத்தனை கோடி ராத்தல் மெழுகுவர்த்தி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, அவர்களை எழுப்ப ஒரு வழியும் சொன்னார். உதயத்தில் எல்லா மாதாகோயில் மணிகளையும் அடிப்பது. அதற்கும் எழாவிட்டால் தெருவுக்குத் தெரு பீரங்கி வெடிப்பது. நகைச்சுவைக்காக எழுதியதுதான். ஆனால் அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை ஊர்களில், நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்புவதையே சம்பளத் தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். பிராங்க்ளினின் பீரங்கிக்குப் பதிலாகக் கழி, அவ்வளவே.

இனி பிரேசர் டவுனுக்கு வருகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளம் 1809-ல் பெங்களூருக்கு மாறியபோது கண்டோன்மெண்ட் உண்டாயிற்று. பட்டாளத்தின் பின்னால் தமிழர்கள் திரளாக வந்தார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்த பிறகு இன்னும் அதிகம் வந்தார்கள். 1898-ல் பிளேக் நோய் ஊரைச் சூறையாடியது. நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. சிட்டிப் பக்கம் பஸவனகுடியும் மல்லேஸ்வரமும் என்றால், கண்டோன்மெண்ட் பக்கம் எங்கள் பிரேசர் டவுன். அன்றைய ரெஸிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1910-ல் அமைந்தது. எலி புக முடியாத வீடுகள், காற்றும் வெளிச்சமும் வரும் தெருக்கள் என்று திட்டமிட்டவர் நகராட்சி என்ஜினீயர் ஜே.ஹெச். ஸ்டீபன்ஸ். இதைப் பற்றி 1914-ல் அவர் ஒரு புஸ்தகமே எழுதினார். எங்கள் ஸ்டீபன்ஸ் ரோடு அவர் நினைவாகவே இருக்கிறது. பிற்பாடு புலிகேசி நகர் என்று பெயர் மாற்றினாலும், ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்று சொன்னால்தான் புரிகிறது.

1956-ல் என் தகப்பனாருக்கு மாற்றலாகி நாங்கள் மாஸ்க் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தத் தெருவில் விடியற்காலை எப்படி வரும் என்பது இன்றும் எனக்கு வரிசை தப்பாமல் நினைவிருக்கிறது. முதலில் மசூதியிலிருந்து பாங்கு. இதுவும் சூரியனை ஒட்டியதே; தினம் ஒரு நிமிஷம் இப்படி அப்படி நகரும். காற்று வாகாக அடித்தால் அல்சூர் பக்கத்திலிருந்து மெட்ராஸ் ஸாப்பர்ஸ் பட்டாளத்தின் பியூகிள். பிறகு மாதாகோயில் மணி. அடுத்து வாசலுக்கே பசுவை ஓட்டி வரும் பால்காரரின் குரல். என் தாயார் சாணி தெளிக்கும் சத்தம், கோலமாவு டப்பா திறக்கும் சத்தம். பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீட்டில் வெளிச்சம் தெரியும். கிழவர் விடிவதற்குள் டீயும் ரொட்டியும் சாப்பிட்டாக வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வந்த அந்தச் சிற்றுண்டிக்கு 'சோட்டா ஹாஸ்ரி' என்று பெயர். கடைசியாகத் தெருக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம். அதற்குப் பிறகும் தூங்குகிறவனைத் தெருவே பேசும். ரம்ஜான் மாதத்தில் மட்டும் வரிசை ஒன்று கூடும். நோன்புக்கு முன்பு சாப்பிட வேண்டியவர்களை எழுப்ப ஒருவர் கொட்டு அடித்துக்கொண்டு வருவார். அந்த ஒரு மாதம் என் தகப்பனாரின் ஜபம் அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடும். "அவர்கள் புண்ணியத்தில் நமக்கும் நல்லது" என்பார்.

இத்தனை சத்தங்களில் எங்கள் வீட்டில் உண்டானவை எத்தனை? ஒன்றிரண்டுதான். மற்றவையெல்லாம் ஊர் கொடுத்தவை. நம்மவர் மட்டும் நிறைந்த அக்ரஹாரமாக இருந்தாலும் இப்படித்தான். அங்கே கோயில் மணி, வேத பாடசாலை, ஆற்றுக்குப் போகிறவர்களின் செருப்பில்லாத காலடி. எங்களுக்குப் பியூகிளும் பாங்கும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இதன் மேல் இன்னொரு அடுக்கு வந்தது. ஹெச்.ஏ.எல். 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், ஹெச்.எம்.டி. 1953-லும், பி.இ.எல். 1954-லும் தொடங்கியவை. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் தெருமுனையில் வந்து நின்றன. ஆலைச் சங்கு ஊதிற்று. 1961-ல் ஹெச்.எம்.டி. இங்கேயே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியதும், மணி பார்ப்பது பணக்காரர் சொத்தாக இல்லாமல் போயிற்று. (அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் முடிவானது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிறு துக்கம்.) 1963-ல் எம்.எஸ். அம்மாவின் ஸுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது. அதன் பிறகு மாதாகோயில் மணிக்கும் பால்காரருக்கும் நடுவில் அதுவும் சேர்ந்துகொண்டது.

இவ்வளவும் கிழவனின் பழம்பெருமை என்று இளைய வாசகர்கள் நினைக்கலாம். இதற்கு ஒரு விஞ்ஞான சாட்சி இருக்கிறது. அதுவும் நம் மதுரையிலிருந்து.

பிரெஞ்சு விஞ்ஞானி மேரான் 1729-ல் ஒரு தொட்டாற்சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு அது முதல் தடயம். அந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்குள் இருக்கும் கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சுமார் பத்து நிமிஷம் கூடுதலாக ஓடுகிறது. தினமும் ஏதாவதொன்று அதைத் திருத்தாவிட்டால், நாம் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தள்ளியே தூங்கி, நேரம் தள்ளியே எழுவோம். இரவு கண்விழிப்பது சுலபமாகவும், காலை எழுவது கஷ்டமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

மதுரை காமராஜ் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இந்தத் துறையை வளர்த்தார். அவரும் அவர் மாணவர்களும் மதுரைக்கருகே குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து 1981-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அவற்றுக்கு சூரியனும் தெரியாது, சந்திரனும் தெரியாது. ஆனாலும், சக வௌவால்கள் மாலையில் வெளியே கிளம்பி விடியலில் திரும்பும் குகையில் வைத்தபோது, கூண்டு வௌவால்கள் ஊர் நேரத்தைத் தவறாமல் பிடித்துக்கொண்டன. வேறு வௌவால்களே இல்லாத தனிக் குகையில் வைத்தபோது, அவற்றின் கடிகாரம் சொந்தப் போக்கில் நகர்ந்து ஊரோடு பொருந்தாமல் போயிற்று. சந்திரசேகரன் 1990களில் எங்கள் ஊர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்துக்கு வந்து பணியாற்றி, 2009-ல் காலமானார். வௌவாலுக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். மனிதனுக்கு முதல் திருத்தி வெளிச்சம்தான். வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே கண்ணில் தனி செல்கள் இருப்பது 2002-ல் தெரியவந்தது. நீல வெளிச்சத்தில் அவை அதிகம் தூண்டப்படுகின்றன. ஆயினும் அந்தக் குகையைப் பற்றிப் படித்ததிலிருந்து, எங்கள் மாஸ்க் ரோடு விடியற்காலையை நான் வேறு விதமாகத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

இன்றைய பிரேசர் டவுனில் அந்த வாடகை வீடு இல்லை. அவ்விடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கனத்த திரை. பால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் வாசலில் பையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து எந்நேரமும் வருகிறது. பெங்களூரில் முதல் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5-ம் தேதி. அன்று தெருவுக்கு வந்த வெளிச்சம், இப்போது படுக்கையில் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் கைபேசியாக எரிகிறது. இரவில் வரக் கூடாத வெளிச்சம் வருகிறது. காலையில் வர வேண்டியது திரைக்கு அப்பால் நிற்கிறது. இதற்கு மேல் வேலை. நியூயார்க் நமக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னால். எங்கள் கட்டடத்தில் ஒரு பையன், நம்மவர் வீட்டுப் பிள்ளைதான், அந்த ஊர்க் கடிகாரத்துக்கு வேலை பார்த்து இரவு மூன்றரைக்குக் கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிறான். பதினொரு மணிக்கு எழுகிறான். ஏழரை மணி நேரத் தூக்கம். அவனைச் சோம்பேறி என்று அவன் தாத்தா சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. அவன் தன் குகையின் வௌவால்களோடு சரியாகத்தான் பறக்கிறான். குகைதான் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது.

அந்தத் தாத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயது ஏற ஏற உள்கடிகாரம் முன்னால் நகர்வது இயற்கை. எழுபதைத் தாண்டியவர் எட்டரைக்குக் கண் சொக்கி, நாலு மணிக்கு விழித்துக்கொள்வதில் சாதனை ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் அதே கடிகாரம் பின்னால் நகர்வதும் இயற்கையே. இரு தரப்பும் தத்தம் சரீர தர்மத்தைக் குணம் என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

பகல் வேலை பார்க்கிறவர்கள், மாணவர்கள், எழ விரும்பியும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் பகுதியில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்து சில வருஷங்களாகின்றன. ஒரேயடியாக இரண்டு மணி நேரம் முன்னால் எழச் சொல்வதில்லை. வாரத்துக்குக் கால் மணி. விடுமுறையிலும் அதே நேரம். எழுந்தவுடன் பால்கனிக்கோ மொட்டைமாடிக்கோ வந்து ஆகாயத்தைப் பார்த்தாக வேண்டும். ஒன்பதரைக்கு மேல் கூடத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும். முதலில் எழுகிறவர் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அவர் அதற்கு அடுத்தவருக்கு. முடிந்தவர்கள் கோல்ஸ் பார்க்கில் கூடுவோம். தனியாக அலாரம் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் மாதம் தாண்டாத பிள்ளைகள், இந்தச் சங்கிலியில் வருஷக்கணக்காக நிற்கிறார்கள். தங்களுக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதால்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். மணியைப் பஞ்சாங்கம் பார்த்து மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். பெண்களும் வருகிறார்கள், மார்கழியில் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

சென்ற வருஷம் மும்பைக்கு மாற்றலாகிப் போன ஒருவர் சங்கிலியை விட மனமில்லாமல் அங்கிருந்தும் தொடர்கிறார். ஜனவரியில் தமக்கு அரை மணி சலுகை வேண்டும் என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன். நடு ஜனவரியில் இரண்டு ஊர் உதயத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவே; கொடுத்துவிட்டோம். ஜூனில் எட்டு நிமிஷம்தான் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை.